செக் எஞ்சின் லைட் எரியவில்லையா? அதை வைத்து சென்சார் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள்

அமெரிக்காவில் 1988 முதல் 1995 வரை வந்த ஷெவர்லே சி/கே பிக்கப்கள் இன்னமும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றில் இருப்பது 5.7 லிட்டர் வி8 எஞ்சின். கார்புரேட்டர் உட்கார வேண்டிய இடத்தில் இரண்டு இன்ஜெக்டர்கள், அவற்றை இயக்க ஒரு கம்ப்யூட்டர், அதற்குச் சேதி சொல்ல சில சென்சார்கள். 1996 மாடலிலிருந்து அங்கே கட்டாயமான ஓபிடி-2 (கோளாறைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் பொது முறை) வருவதற்கு முந்தைய வண்டிகள் என்பதால் ஸ்கேனர்கூட வேண்டாம், ஒரு பேப்பர் கிளிப் போதும். டேஷ்போர்டுக்குக் கீழே 12 பின் சாக்கெட் இருக்கும். அதன் மேல்வரிசையில் வலது ஓரத்து இரண்டு பின்களையும் கிளிப்பால் இணைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் செக் எஞ்சின் லைட் சிமிட்ட ஆரம்பிக்கும். ஒரு சிமிட்டு, சின்ன இடைவெளி, இரண்டு சிமிட்டு: அது 12. மூன்று முறை வரும், எஞ்சின் ஓடவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். அதற்கு அப்புறம் வருபவைதான் கோளாறு எண்கள், அதாவது கோட்கள்.

இங்கேதான் பலர் காசை விடுகிறார்கள். எந்த வயரில் வரும் சேதி சரியில்லை என்பதைத்தான் கோட் சொல்கிறது, எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்பதை அல்ல. கோட் 44 வந்தால், எக்ஸாஸ்ட் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கும் ஆக்சிஜன் சென்சார் 'பெட்ரோல் குறைவு' என்று காட்டுகிறது என்று பொருள். எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு விரிசல் இருந்து வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டாலும் சென்சார் அதையேதான் சொல்லும். பாவம், அது உண்மையைத்தான் சொல்கிறது, அதைக் கழற்றி வீசுவதில் என்ன பயன்?

இதைவிட மோசமானது கோடே வராத கோளாறு. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் (கூலன்ட்) வெப்பத்தைப் பார்க்கும் சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு துண்டு. 20 டிகிரியில் சுமார் 3,500 ஓம், 90 டிகிரியில் 240 ஓம், 100-இல் 177. கம்ப்யூட்டர் 5 வோல்ட் கொடுத்து, அந்த வயரில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்த்து வெப்பத்தைக் கணிக்கும். கனெக்டர் கழன்றால் −40 டிகிரி என்று தெரியும், உடனே கோட் 15. வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கொதிக்கிறது என்று தெரியும், கோட் 14. ஆனால் சென்சார் கெட்டுப்போய் 15 டிகிரியிலேயே நின்றுவிட்டால்? 15 டிகிரி நடக்கக்கூடிய வெப்பம்தானே, கம்ப்யூட்டர் நம்பிவிடும். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து பெட்ரோலை அள்ளி ஊற்றும், ஆக்சிஜன் சென்சார் பேச்சையும் கேட்காது. ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் சரியும், லைட் மட்டும் எரியாது. டேஷ்போர்டு முள்ளும் காட்டிக் கொடுக்காது, ஏனென்றால் அதற்கு சிலிண்டர் ஹெட்டில் ஒற்றை வயரோடு வேறொரு சென்சார் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குப் போவது தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் கூலன்ட்டுக்கு வழி திறக்கும் வால்வு) பக்கத்தில் இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் இரட்டை வயர் சென்சார்.

அதனால் மல்டிமீட்டரை எடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் கனெக்டரைக் கழற்றி ஓம் பாருங்கள், நன்றாகச் சூடான பிறகு மறுபடி பாருங்கள். இரண்டும் மேலே சொன்ன அளவுகளுக்குப் பக்கத்தில் இருந்தால் சென்சார் மேல் பழி போடாதீர்கள். சென்சார் சரி, ஆனாலும் கோட் 15 வந்து நிற்கிறதா? வயர் பக்கத்துக் கனெக்டரின் இரண்டு முனைகளையும் கிளிப்பால் இணைத்து எஞ்சினை ஓட விடுங்கள். 15 போய் 14 வந்தால் வயரும் கம்ப்யூட்டரும் ஒழுங்காக இருக்கின்றன, கனெக்டரின் பின்னில் பச்சையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். 14 வரவில்லை என்றால் பெரும்பாலும் எங்கோ வயர் அறுந்திருக்கும், பழைய வண்டியில் இது சகஜம்; வயர் நன்றாக இருந்தால் கம்ப்யூட்டரைச் சந்தேகியுங்கள்.

இன்னொன்று. நன்றாக ஓடிய எஞ்சினில் 660 ஓம் காட்டினால் அது 60 டிகிரி. அகச்சிவப்பு வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் உறை மேல் காட்டிப் பாருங்கள், அதுவும் கிட்டத்தட்ட 60 சொன்னால் சென்சார் பொய் சொல்லவில்லை. 90 டிகிரி வாக்கில் திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட்தான் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது, அதை மாற்றுங்கள்.