காசநோயாளியை முதலில் எடை போடுங்கள்

அந்தக் கோப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். சளி எடுத்த தேதி இருந்தது. கிருமி உறுதியான முடிவு இருந்தது. காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படும் என்ற குறிப்பும் இருந்தது. அன்றைக்கே மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் நாள், படிவத்தின் கடைசிக் கட்டத்தில் 'இறப்பு' என்று எழுதி மூடியிருந்தார்கள். இறந்தவர் 44 வயதுக் கொத்தனார்.

காசநோயால் ஒருவர் இறந்தால் அவர் வீட்டுக்குப் போய், நோய் எப்போது தொடங்கியது, எங்கெல்லாம் அலைந்தார்கள், எங்கே நாள் வீணானது என்று கேட்டு எழுதுவது என் வேலையின் ஒரு பகுதி. நோய்ப்பரவலியல் என்ற பெரிய பெயர் கொண்ட துறையில் பாதி வேலை இப்படித் திண்ணையில் உட்கார்ந்து காது கொடுப்பதுதான். அவருடைய மனைவி சொன்னார்: "பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார், டாக்டரம்மா. மாத்திரை வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டோம்."

கோப்பில் எடை 40 கிலோ என்று இருந்தது. எடை பார்த்தார்களா என்று கேட்டேன். "பார்க்கவில்லை. எத்தனை கிலோ இருப்பீர்கள் என்று கேட்டார்கள். நாற்பது இருக்கும் என்று அவர்தான் சொன்னார்." கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த மூன்று மாதத்தில் அவருடைய அரைஞாண் கயிற்றை நான் மூன்று முறை அவிழ்த்துச் சுருக்கிக் கட்டினேன்" என்றார்.

அந்தக் கயிறு சொன்னதைக் கோப்பு சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்த மருந்து சரியானது. ஆனால் அன்று அவர் திரும்பிப் போயிருக்க வேண்டிய இடம் வீடு அல்ல, மருத்துவமனைப் படுக்கை.

நம் முன்னோர் இந்த நோயை எலும்புருக்கி என்றார்கள். சயரோகம் என்றும் சொன்னார்கள். சயம் என்றால் தேய்வு. 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் இதன் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவிப்பதற்கு நெடுங்காலம் முன்பே, உடல் கரைவதுதான் இதன் முகம் என்று மக்கள் கண்டுகொண்டிருந்தார்கள். கிருமியை அறிந்த பிறகு நம் கண் முழுக்கக் கிருமியின் மேல் போய்விட்டது. சளியில் கிருமி இருக்கிறதா, எந்த மருந்துக்குக் கட்டுப்படும், எத்தனை மாதத்தில் போகும் என்றெல்லாம் கேட்கிறோம். அவை தேவையான கேள்விகளே. ஆனால் கிருமியைச் சுமக்கிற உடம்பு இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு கேள்வி. சிகிச்சைக்கு வந்த பிறகு நிகழும் காசநோய் இறப்புகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு மாதங்களுக்குள் நிகழ்பவை. மருந்து வேலை செய்யத் தொடங்கியிருக்கும். உடம்புக்கு அதுவரை காத்திருக்கும் வலு இருப்பதில்லை.

இதைத் தடுக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2022 இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இதைத்தான் செய்கிறது. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தின் துணையோடு மாநிலச் சுகாதாரத் துறை நடத்தும் திட்டம் இது. நோய் உறுதியானவுடனே சுகாதாரப் பணியாளரே சில அளவுகளைப் பார்த்துவிடுகிறார். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு வாங்குகிறார், விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் 94 க்குக் கீழே காட்டுகிறதா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. டாக்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, எக்ஸ்ரேயும் வேண்டாம். இவற்றில் ஒன்று மோசமாக இருந்தாலே அந்த நோயாளியை வீட்டுக்கு அனுப்பாமல், உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டுமா என்று மருத்துவர் முழுமையாகப் பார்க்க வேண்டும்.

எடைக் கணக்கை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் உடல் நிறை குறியீடு கிடைக்கும். 18.5 க்குக் கீழே போனால் ஊட்டக் குறைவு. 16 க்குக் கீழே கடுமையான ஊட்டக் குறைவு. 14 க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு 14 என்பது ஏறத்தாழ 38 கிலோ. வயதுவந்த ஆண் ஒருவர் 38 கிலோவில் இருந்தால், 'ஒல்லியான உடல்வாகு' என்று யாரும் சொல்லிச் சமாதானம் அடையக் கூடாது.

சென்னையிலிருந்து உலகத்துக்குப் போன ஒரு பழைய பாடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அதை நான் பெருமையோடும் கொஞ்சம் வருத்தத்தோடும்தான் நினைத்துப்பார்க்கிறேன். 1956 இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்திய அந்த மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் எளிய கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். டிபி வந்தவரைச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில்தான் வைக்க வேண்டுமா? வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதாதா?

நகரத்தின் ஏழை நோயாளிகள் ஏறத்தாழ 190 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சானடோரியம், ஓய்வு, நல்ல சாப்பாடு. மற்றவர்களுக்கு நெருக்கடியான வீடு, கிடைத்த சாப்பாடு. இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. முடிவில் கிருமி நீங்கியதில் பெரிய வேறுபாடு இல்லை. உள்ளேயே இருந்தவர்களின் குடும்பத்தைவிட வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தில் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. இந்த முடிவு 1959 இல் வெளியானது. அதன் பிறகு உலகெங்கும் காசநோயாளியை ஊரைவிட்டு ஒதுக்கிவைக்கும் வழக்கம் மெல்ல மெல்ல முடிவுக்கு வந்தது. எத்தனையோ தாய்மார் பிள்ளைகளைப் பிரியாமல் குணமானதற்கு அந்த ஆய்வு காரணம்.

ஆனால் அதே ஆய்விலிருந்து இன்னொரு கருத்தும் கிளம்பியது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடை கூடினார்கள். ஆனாலும் கிருமி நீங்கியதில் மற்றவர்களை முந்தவில்லை. அப்படியானால் சாப்பாடு முக்கியம் இல்லை, மருந்து போதும் என்று முடிவு கட்டினார்கள். நான் படித்த காலத்திலும் இதே தொனிதான். அந்த ஆய்வு கேட்ட கேள்வி கிருமி நீங்குமா என்பது. எலும்பும் தோலுமாக வருகிறவர் முதல் மாதத்தைத் தாண்டுவாரா என்பதற்கு அது பதில் சொல்லவில்லை. அதே வீட்டில் அரை வயிறு உண்பவருக்கு நாளை நோய் வருமா என்பதற்கும் அதில் பதில் இல்லை. கேட்காத கேள்விக்குக் கிடைத்த பதிலாக அதை எடுத்துக்கொண்டு பல பத்தாண்டுகளைக் கழித்துவிட்டோம்.

அந்தக் கேள்விகளைக் கேட்க 2019 வரை ஆனது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய 'ரேஷன்ஸ்' ஆய்வின் முடிவுகள் 2023 இல் வெளிவந்தன. 2,800 நோயாளிகளுக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள்கள் கொடுத்தார்கள். அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் ஊட்டக் குறைவோடு வந்தவர்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடம் இறப்பு ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ மனிதருக்கு 5 சதவீதம் என்பது வெறும் 2 கிலோ.

குடும்பத்தினரில் கிடைத்த முடிவு இதைவிட முக்கியம் என்பது என் எண்ணம். அந்த வீடுகளில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டபோது, உணவு பெற்றவர்களிடம் காசநோய் 39 சதவீதம் குறைந்தது. பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் தடுப்பூசிக்கு நிகரான வேலையைச் செய்தன. இதை எழுதும்போது எனக்குச் செங்கல்பட்டு நினைவுக்கு வருகிறது. 1968 இல் அங்கே தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டியது. குழந்தைகளைக் கடுமையான வகைக் காசநோயிலிருந்து காப்பதால் அதை இன்றும் போடுகிறோம், போடத்தான் வேண்டும். பெரியவர்களுக்கு நம்மிடம் ஊசி இல்லை. பருப்பு இருக்கிறது.

நோயாளிக்கு மத்திய அரசு மாதம் 500 ரூபாய் ஊட்டத்தொகை கொடுத்துவந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். நாளுக்கு 33 ரூபாய் வருகிறது. வேலைக்குப் போக முடியாத ஒருவரின் வீட்டில் அந்தப் பணம் அவர் தட்டுக்கு மட்டும் போகாது. குடும்பத்துக்கே உலை வைக்க அதுதான் இருக்கும். குடும்பத்தாருக்கும் உணவுப் பொருள் கொடுக்க நிக்ஷய் மித்ரா திட்டத்தில் வழி உண்டு. ஆனால் அது நன்கொடையாளர் கிடைத்தால்தான் நடக்கும். மாத்திரையை நாம் நன்கொடையாளரை நம்பிக் கொடுப்பதில்லை. உணவையும் அப்படி நம்பியிருக்கக் கூடாது.

எடை குறைந்தவருக்குத்தான் டிபி வரும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் நல்ல உடம்போடு இருக்கும்போதே வரலாம். மற்றவர்களைவிட அவர்களுக்கு ஆபத்து இரண்டு மூன்று மடங்கு. அறிகுறியே இல்லாமலும் இருக்கலாம். 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் எக்ஸ்ரே வண்டிகளோடு ஊர் ஊராகப் போய் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்த கணக்கெடுப்பில், எக்ஸ்ரே எடுத்திருக்காவிட்டால் பத்தில் நான்கு நோயாளிகளைத் தவறவிட்டிருப்போம் என்று தெரிந்தது. அறிகுறி இருந்தவர்களிலும் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை.

கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தபோதுதான் கொரோனா வந்தது. 2019 இல் நாட்டில் 24 லட்சம் பேருக்குக் காசநோய் என்று பதிவானது. 2020 இல் 18 லட்சம். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பதுதான் நின்றுபோனது. ஆய்வகங்களும் ஆட்களும் புதிய தொற்றின் பக்கம் திரும்பினார்கள். அடுத்த முறை நிபாவோ வேறு எதுவோ வரும்போது, பழைய நோயாளியின் வீட்டுக்குப் போகிற பணியாளரை மட்டுமாவது விட்டுவைக்க வேண்டும் என்று நான் கூட்டம்தோறும் கேட்டுவருகிறேன்.

வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால் தட்டையும் டம்ளரையும் ஒதுக்கிவைக்கிறார்கள். இந்த நோய் பாத்திரத்தில் பரவுவதில்லை, காற்றில் பரவுகிறது. நோய் தெரிவதற்கு முந்தைய மாதங்களிலேயே பெரும்பாலும் பரவி முடிந்திருக்கும். ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, எல்லோரும் போய்ப் பரிசோதித்துக்கொள்வதுதான் பயன் தரும். நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள், இலவசம்தான்.

கொத்தனாரின் வீட்டுக்குப் போன அன்று அவருடைய மகளும் இருந்தாள். பதினேழு வயது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது, சளியில் கிருமி இருந்தது. எடை 36 கிலோ, உயரம் 150 சென்டிமீட்டர். குறியீடு சரியாக 16. கால் வீக்கமோ மூச்சுத் திணறலோ இல்லாததால் வீட்டிலேயே மாத்திரை தொடங்கினோம். தாய் ரேஷன் அரிசியோடு முட்டையும் நிலக்கடலையும் சேர்த்துக்கொண்டார். இரண்டாம் மாதம் 39 கிலோ.

ஆறாவது மாதம் போனபோது பையிலிருந்து எடைக் கருவியை எடுத்துத் தரையில் வைத்தேன். நான் கூப்பிடுவதற்கு முன்பே அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஏறி நின்றாள். 43.