வாடைக்காடு: 'போரியல்' என்னும் சொல்லுக்கு ஒரு விளக்கம்

உலகின் வடகோடியில் உள்ள பெருங்காட்டின் பெயரை ஒலிபெயர்த்துப் 'போரியல் காடு' என்று எழுதுகிறார்கள். தமிழ் வாசகர் அதைப் போர், இயல் என்று பிரித்துப் படித்துக் குழம்பினால் குற்றம் அவருடையதன்று. பண்டைக் கிரேக்கர் வடக்கிலிருந்து வீசும் காற்றைப் 'போரியாஸ்' என்னும் தெய்வமாகக் கொண்டிருந்தனர். அப்பெயர் இலத்தீனுக்குள் சென்று, வடக்குக்கு உரியது என்ற பொருளில் 'போரியாலிஸ்' ஆயிற்று. வடதுருவ வானத்து ஒளிக்கு 'அரோரா போரியாலிஸ்' என்ற பெயர் வந்ததும் இதே வேரிலிருந்துதான். அலாஸ்கா, கனடா, ஸ்காண்டிநேவியா, ரஷ்யா என வடகோளத்தின் தலையைச் சுற்றி வளையமாகக் கிடக்கும் இக்காடு, இவ்வாறு ஒரு காற்றின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இதற்கே வழங்கும் 'தைகா' என்ற மற்றொரு பெயர், சைபீரியப் பகுதி மக்களின் மொழிகளிலிருந்து ரஷ்ய மொழிக்குள் வந்து, அங்கிருந்து உலகெங்கும் பரவியது.

நம் பாடநூல்கள் இதனை 'ஊசியிலைக் காடு' என்கின்றன. எளிய சொல்தான், ஆனால் கடற்கரையோரம் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே வளர்ந்த நெல்லைச் சீமைப் பிள்ளைக்கு, அந்தப் பெயரைக் கேட்டதும் சவுக்குதான் நினைவுக்கு வரும். சவுக்கில் நாம் ஊசியிலை என்று எண்ணுவது உண்மையில் மெல்லிய பச்சைக் கிளை. அது பூக்கும் தாவரம், கூம்பு மரமே அன்று. மறுபுறம், நம் அகத்தியமலைத் தொடரிலேயே தென்னிந்தியாவுக்கு இயல்பான ஒரே கூம்பு மர இனமான 'நாகியா வாலிச்சியானா' நிற்கிறது. அதன் இலையோ ஊசியாக இல்லாமல் அகன்று பளபளக்கும். வடக்கே போனாலும் இதே சிக்கல்தான். ஊசியிலை மரங்களான ஸ்புரூஸ், ஃபிர், பைன் ஆகியவற்றோடு, அகன்ற இலையுள்ள பிர்ச்சும் ஆஸ்பெனும் அக்காட்டில் கலந்து வளர்கின்றன. இலையை வைத்துப் பெயரிட்டால் காட்டின் ஒரு பகுதிதான் பெயருக்குள் அடங்குகிறது.

காற்றின் பெயரை மொழிபெயர்க்கத் தமிழில் பஞ்சமே இல்லை. கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, தெற்கே தென்றல், வடக்கே வாடை என்று நான்கு திசைக்கும் நான்கு பெயர் வைத்த மொழி இது. பொதிகைத் தென்றலைப் பற்றியே பெருமை பேசும் ஊர் நெல்லை என்றாலும், பிசான நடவு முடிந்த மார்கழி விடியலில் மடை பார்க்கப் போகிறவர் காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொள்வது வாடைக்குப் பயந்துதான். ஆகவே 'வாடைக்காடு' என்பது என் பரிந்துரை. வாடை என்றால் நாற்றம் என்றும் பொருள் உண்டே, கருவாட்டு வாடை நினைவுக்கு வராதா என்று ஒரு நண்பர் சிரித்தார். வரலாம், ஆனால் பனங்காடு, உடங்காடு, தேரிக்காடு என்று காட்டின் தன்மையை முன்னால் வைத்தே பேசிப் பழகிய காதுக்கு, இரண்டொரு முறை கேட்டால் இதுவும் பழகிவிடும். 'வடபுலக் காடு' என்பதும் பிழையன்று, ஆயினும் அது திசையை மட்டும் சொல்லிக் குளிரை விட்டுவிடுகிறது.

குளிரை விடக்கூடாது என்பதற்குக் காரணம், அந்தக் காட்டைக் காத்து நிற்பதே குளிர்தான். களக்காடு மலையில் உதிரும் இலை, வெப்பத்திலும் ஈரத்திலும் கறையானிடமும் பூஞ்சையிடமும் சிக்கி விரைவில் மண்ணாகிவிடும். வாடைக்காட்டில் உதிர்ந்தது எளிதில் மட்குவதில்லை. பாசியும் வேரும் சருகும் சதுப்பு நிலங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்து, பல இடங்களில் ஆண்டு முழுதும் உருகாத உறைமண்ணுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. அதனால் இக்காட்டின் கரிமத்தில் பெரும்பகுதி மரத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது. உலகக் காட்டுப் பரப்பில் ஏறத்தாழ 27 விழுக்காடு இவ்வகைக் காடு என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குளிர் தளர்ந்தால் உறைமண் இளகி மரங்கள் கண்டபடி சாய்கின்றன. அங்குள்ளவர்கள் அவற்றைக் 'குடிகார மரங்கள்' என்கிறார்கள். முன்பு கடுங்குளிரில் மடிந்த பைன் வண்டின் புழுக்கள் இப்போது பிழைத்துக்கொள்கின்றன. கனடாவின் மேற்குப் பகுதியில் பைன் காடுகளைப் பெருமளவில் அழித்த அவ்வண்டு, ராக்கி மலையைத் தாண்டி ஆல்பர்ட்டாவின் வாடைக்காட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. தீயோ இன்னும் கொடிது. 2023-இல் கனடாவில் எரிந்த பரப்பு 1.5 கோடி ஹெக்டேருக்கும் மேல். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 1.3 கோடி ஹெக்டேர்தான். மேலே தீ அணைந்த பின்னும் அரைகுறையாக மட்கிய படிவத்துக்குள் கங்கு உயிரோடு இருக்கும். கருவேல விறகை அடுக்கி மண்ணால் மூடிக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: வெளியே புகை மட்டும் கசியும், உள்ளே நாள்கணக்கில் வெந்துகொண்டிருக்கும். அங்கே சில தீக்கள் பனிக்காலம் முழுதும் பனிக்கு அடியிலேயே கனன்று கிடந்து, இளவேனிலில் மறுபடி தலைகாட்டுகின்றன.

வெட்டுவதும் நிற்கவில்லை. மரத்துக்கும் காகிதக் கூழுக்கும் பெரும்பரப்புகள் மொட்டையாக்கப்படுகின்றன. குளிர்நிலத்தில் ஒரு மரம் முதிரப் பல பத்தாண்டுகள் ஆகும். இந்தியா கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் செய்தித்தாள் காகிதம் வாங்குகிறது என்பதால், பாளையங்கோட்டைத் தேநீர்க் கடையில் கை மாறும் நாளிதழிலும் அம்மரங்களின் நார் இருக்கக்கூடும்.

அங்கே வாழும் மக்களின் சொல் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். கனடாவில் அனிஷினாபே என்னும் பழங்குடி மக்கள் காத்துவரும் வாடைக்காட்டின் 29,040 சதுர கிலோமீட்டர் பரப்பை யுனெஸ்கோ 2018-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அதற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் 'பிமாச்சியோவின் அக்கி'. உயிர் தரும் நிலம் என்பது அதன் பொருள். அறிவியல் எழுத்தில் முதல் முறை 'வாடைக்காடு (தைகா)' என்று குறித்துவிட்டு, அடுத்து வருமிடமெல்லாம் வாடைக்காடு, வாடைக்காட்டுத் தீ, வாடைக்காட்டு உயிரினங்கள் என்று எழுதிச் செல்லலாம். சொல் எந்த வேற்றுமைக்கும் தடையின்றி வளைகிறது.