பாட்டைக் கேட்காமலே பாட்டைப் பரிந்துரைக்கும் கணக்கு

மட்டக்களப்பு ஆரையம்பதியிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: வீட்டில் ஒரே தொலைபேசிதான், காலையில் அம்மா அதில் பக்திப் பாடல் போடுவார், மூன்று வயது மகன் சாப்பிடுவதற்கு ஒரே குழந்தைப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பான், இரவில் தனக்கு எண்பதுகளின் இளையராஜா பாடல்கள் வேண்டும், ஆனால் பாட்டுச் செயலியான ஸ்பொட்டிஃபை இப்போது குழந்தைப் பாட்டுகளை மட்டுமே நீட்டுகிறது, இதை எப்படித் திருத்துவது, வீட்டில் பேசுவதை இந்தச் செயலி ஒட்டுக்கேட்கிறது என்று சொல்வது உண்மையா? ஸ்பொட்டிஃபை 2021 இல்தான் இலங்கைக்கு முறைப்படி வந்தது என்றாலும், யூடியூப் மியூசிக் உட்பட எல்லாச் சேவைகளைப் பற்றியும் கிழக்கில் இதே முறைப்பாட்டைக் கேட்கிறேன். உள்ளே நடக்கும் கணக்கு புரிந்துவிட்டால் திருத்தும் வழியும் தெரிந்துவிடும்.

அடிப்படை எளியது. முன்பு மட்டக்களப்பு நகரில் கசெட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் ரெக்கோடிங் பார் வைத்திருந்தவர்கள், இந்தப் பாட்டைக் கசெட்டில் அடிக்கச் சொன்னவர் அடுத்து எதைக் கேட்பார் என்பதை, வந்துபோன மற்ற வாடிக்கையாளர்களின் பட்டியல்களிலிருந்தே அறிந்து வைத்திருந்தார்கள். அதே அறிவைக் கணினி கோடிக்கணக்கானவர்களின் பட்டியல்களிலிருந்து எடுக்கிறது. ஒருவரின் விருப்பத்தைப் பலரின் விருப்பங்களைக் கொண்டு ஊகிக்கும் இம்முறைக்கு 1990களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் வடிவம் கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பெருவியப்பைத் தருவது இதற்கு அடுத்த படிதான்.

ஒரு பெரிய தாயத்தை, அதாவது எண்களை இடும் கட்டங்களாலான அட்டவணையை, நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிரையும் (கிடைவரிசை) ஒரு கேட்பவர், ஒவ்வொரு நிரலும் (நெடுவரிசை) ஒரு பாட்டு, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் அவர் அப்பாட்டை எத்தனை முறை கேட்டார் என்ற எண். ஸ்பொட்டிஃபையில் 60 கோடிக்கும் மேற்பட்டோரும் 10 கோடிக்கும் மேற்பட்ட பாட்டுகளும் இருப்பதால், கட்டங்களின் எண்ணிக்கை 6ஐ எழுதிப் பின்னால் 16 பூச்சியங்கள் போடும் அளவுக்குப் போகும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை வெறுமையாக இருக்கும், ஏனெனில் எவரும் தம் வாழ்நாளில் இந்தப் பாட்டுகளில் ஒரு சிறு துளியைத்தான் கேட்க முடியும். பரிந்துரை என்பது இந்த வெற்றுக் கட்டங்களில் என்ன எண் வந்திருக்கும் என்று கண்டுபிடிப்பதுதான்.

இதற்கு ஒவ்வொரு கேட்பவருக்கும் சில எண்களையும், ஒவ்வொரு பாட்டுக்கும் அதே அளவான எண்களையும் கொடுக்கிறார்கள். இரண்டிரண்டு எண்கள் என்று வைத்துக்கொண்டால், உங்கள் எண்கள் (1.0, 0.2), ஒரு பாட்டின் எண்கள் (0.9, 0.1) எனில், ஒன்றுக்கு ஒன்று பெருக்கிக் கூட்டும்போது 0.92 வருகிறது; (0.1, 0.8) என்ற எண்களையுடைய இன்னொரு பாட்டுக்கு 0.26 தான் வருகிறது. எனவே முதற்பாட்டு உங்களுக்குப் பரிந்துரைக்கப்படும். நடைமுறையில் இரண்டுக்குப் பதிலாகப் பல பத்து எண்கள், சில வேளை நூற்றுக்கணக்கான எண்கள் பயன்படும். ஆயிரம் பேர், ஆயிரம் பாட்டுகள் என்றால் பத்து இலட்சம் கட்டங்கள். ஆளுக்கும் பாட்டுக்கும் 40 எண்கள் வீதம் கொடுத்தாலும் மொத்தம் 80,000 எண்களுக்குள் அந்தப் பத்து இலட்சமும் அடங்கிவிடுகிறது. அப்படி நெருக்கிச் சுருக்கும்போதுதான், தற்செயலான வேறுபாடுகள் உதிர்ந்து பொதுவான போக்குகள் எஞ்சுகின்றன.

அந்த எண்களை யார் கொடுக்கிறார்கள்? யாரும் கொடுப்பதில்லை. எல்லா எண்களும் எழுமாறாகவே தொடங்குகின்றன. முதலில் பாட்டுகளின் எண்களை அப்படியே நிறுத்திவைத்து, அவற்றுக்குப் பொருந்துமாறு கேட்பவர்களின் எண்களைக் கணிக்கிறார்கள். பிறகு கேட்பவர்களின் எண்களை நிறுத்திவைத்துப் பாட்டுகளின் எண்களைத் திருத்துகிறார்கள். மீண்டும் கேட்பவர்கள், மீண்டும் பாட்டுகள். இந்த மாறிமாறித் திருத்தும் வேலை சில பத்துச் சுற்றுகளில் நிலைக்கு வந்ததும் பார்த்தால், தாலாட்டுகள் ஒரு பக்கமாகவும் நாதஸ்வர இசை ஒரு பக்கமாகவும் தாமாகவே கூடி நிற்கின்றன. கணினி ஒரு பாட்டின் ஒரு செக்கனைக்கூடக் கேட்கவில்லை, தமிழ் என்ற மொழி இருப்பதாக அதற்கு எவரும் சொல்லவில்லை, ஆயினும் யார் எதைக் கேட்டார்கள் என்ற வெறும் பதிவிலிருந்தே இசையின் உறவுமுறைகள் வெளிப்பட்டுவிடுகின்றன. க.பொ.த. உயர்தரத்தில் தாயங்களை வெறும் பயிற்சிக் கணக்காகப் படிக்கும் மாணவர்களுக்கு இதை ஒருமுறையாவது செய்துகாட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2006 இல் பத்து இலட்சம் டொலர் பரிசு அறிவித்து நடத்திய போட்டிதான் இவ்வகைக் கணக்கைப் பரவலாக்கியது. அப்பரிசு 2009 இல் வழங்கப்பட்டது.

வாசகியின் சிக்கலுக்கான விடை 2008 இல் யிஃபான் ஹூ, யெஹூதா கோரன், கிறிஸ் வொலின்ஸ்கி ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. தொலைக்காட்சி பார்ப்பவர்களின் தரவைக் கொண்டு செய்த அந்த ஆய்வில், பார்க்காத நிகழ்ச்சியைப் பிடிக்காத நிகழ்ச்சி என்று கொள்ளக்கூடாது, அதைக் குறைந்த உறுதியோடு மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும் என்றார்கள். எத்தனை முறை பார்த்தார் என்பதை 40ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் அக்கட்டத்தின் உறுதி கிடைக்கும்: பார்க்காததற்கு 1, ஒரு முறை பார்த்ததற்கு 41. இதே சூத்திரத்தைப் பாட்டுக்குப் பொருத்தினால், குழந்தை 30 முறை கேட்ட பாட்டுக்கு 1201 வருகிறது, நீங்கள் இரவில் ஒரே முறை இரசித்துக் கேட்ட பாட்டுக்கு 41 தான். கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. இன்றைய சேவைகள் தம் சூத்திரங்களை முழுமையாக வெளியிடுவதில்லை, நேரம், இடையில் தாண்டிய பாட்டுகள் முதலியவற்றையும் அவை கவனிக்கின்றன. ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்பது வலுவான சான்று என்ற அடிப்படை மாறவில்லை. மூன்று பேர் ஒரே பயனர் கணக்கைப் பயன்படுத்தும்போது அதன் எண்கள் மூவருக்கும் இடையில், அதிகம் திரும்பக் கேட்டவரின் பக்கம் சாய்ந்த ஓர் இடத்தில் போய் நிற்கின்றன.

அதே ஆய்வாளர்கள் தொலைக்காட்சியை அணைக்காமல் தூங்கிவிடுபவர்களையும் நினைவில் வைத்திருந்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம். அலைவரிசையை மாற்றாமல் தொடர்ந்து ஓடும் மூன்றாவது நிகழ்ச்சியின் மதிப்பைப் பாதியாக்கினார்கள், ஐந்தாவதை ஏறத்தாழ 98 சதவீதம் குறைத்தார்கள். தானே தேடி எடுத்ததற்கும் தானாக ஓடியதற்கும் உள்ள வேறுபாட்டை அப்படி எண்ணாக்கினார்கள்.

எனவே செய்ய வேண்டியவை தெளிவு. இயன்றால் ஆளுக்கொரு பயனர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைக்கு யூடியூப் கிட்ஸ் போன்ற தனிச் செயலியைக் கொடுங்கள். இயலாவிட்டால், ஸ்பொட்டிஃபையில் குழந்தைப் பாட்டுகளை ஒரு பட்டியலாகச் சேர்த்து, அப்பட்டியலை உங்கள் இரசனைக் கணக்கிலிருந்து விலக்கிவிடலாம். இந்த வசதி 2023 இல் வந்தது. அம்மா கேட்கும் நேரத்தில், கேட்பதைப் பரிந்துரையில் சேர்க்காத தனிப்பட்ட அமர்வை (private session) இயக்கிவிடலாம், ஆனால் அது சில மணிநேரத்தில் தானாக முடிந்துவிடுவதால் ஒவ்வொரு நாளும் மீண்டும் இயக்க வேண்டும். யூடியூபில் வரலாற்றைத் தற்காலிகமாக நிறுத்தவும், ஏற்கனவே பதிவானவற்றை ஒவ்வொன்றாக அழிக்கவும் முடியும். தூங்கும்போது தானியங்கி ஒலிப்பை நிறுத்திவிடுங்கள். வேண்டாத பாட்டைத் தொடக்கத்திலேயே தாண்டுங்கள். ஸ்பொட்டிஃபை 30 செக்கன் கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாக எண்ணுகிறது. வேண்டிய பாட்டை நீங்களே தேடி எடுத்து முழுமையாகக் கேட்டுச் சேமித்து வையுங்கள். ஒரே நாளில் மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம், ஸ்பொட்டிஃபை வாரந்தோறும் திங்கட்கிழமை புதுப்பிக்கும் பரிந்துரைப் பட்டியல் சில வாரங்களில் உங்கள் இரசனைக்குத் திரும்பிவரும்.

ஒட்டுக்கேட்பதைப் பற்றிய இரண்டாவது கேள்விக்கு விடை: மேலே சொன்ன கணக்குக்கு உங்கள் பேச்சு தேவையே இல்லை. புதிய தொலைபேசிகளில் ஒலிவாங்கி இயங்கினால் திரையின் மேல்மூலையில் ஒரு சிறு வண்ணப்புள்ளி தோன்றும், எந்தச் செயலிக்கு ஒலிவாங்கி அனுமதி உண்டு என்பதை அமைப்புகளில் பார்த்து நிறுத்தவும் முடியும். மட்டக்களப்பார் மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்லிச்சொல்லியே நம் ஊரின் அறிவையெல்லாம் மறைத்துவிட்டார்கள். தாயப் பெருக்கத்தை நாமே மந்திரமென்று நம்பி அஞ்சுவது எனக்கு உடன்பாடில்லை.

இந்த முறைக்கு ஒரு பெருங்குறை உண்டு, அது நம்மை நேரடியாகத் தொடுகிறது. எவரும் கேட்காத பாட்டுக்கு எண்கள் கிடையா. கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் மத்தளம் அடிக்க, சல்லரித் தாளம் ஒலிக்க, பிற்பாட்டுக்காரர் எடுத்துப் பாடும், மட்டக்களப்பின் இரு கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்தின் பதிவை ஒருவர் ஏற்றிவைத்தாலும், அந்த நிரல் முழுவதும் வெறுமையாக இருந்தால் அது எவர் கண்ணிலும் படாது. இதைத் தீர்ப்பதற்கு, பெல்ஜியத்தின் கெந்த் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 இல் பாட்டின் ஒலியலையிலிருந்தே அதன் எண்களை ஊகிக்கக் கணினியைப் பயிற்றினார்கள். ஆனால் பயிற்சியில் இல்லாத இசையை அத்தகைய கணினி சரியாக இடங்காணாது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் பழந்தமிழ் இசையை எண்களால் ஆராய்ந்து 1947 இல் நூலாக வெளியிட்டார். அவர் பெயரில் கல்லடியில் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. கூத்துப் பாடல்களையும் அம்மன் கோயில்களின் குளுத்திச் சடங்குக் குரவையையும் முஸ்லிம் மக்களின் நாட்டார் கவிகளையும் நல்ல தரத்தில் பதிந்து, வகைப்படுத்தி, கணினிப் பயிற்சிக்குத் தரவாக்கும் பணிக்கு இந்நிறுவனங்களுக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன், ஏனெனில் இலாபம் நாடும் எந்த நிறுவனமும் இதைச் செய்ய முன்வரப் போவதில்லை.

அதுவரை கேட்பவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாறிமாறித் திருத்தும் அந்தக் கணக்கில் நீங்கள் கேட்கும் பாட்டு உங்கள் எண்களை மாற்றுவது போலவே, நீங்கள் கேட்பது அப்பாட்டின் எண்களையும் மாற்றுகிறது. ஆகவே கூத்துப் பாட்டு பிடித்தவர்கள் அதைத் தேடி எடுத்து முழுதாகக் கேட்டு, தாம் விரும்பும் மற்றப் பாட்டுகளோடு ஒரே பட்டியலில் சேர்த்து வைக்க வேண்டும். பதிவேற்றுபவர்கள் வெறும் திகதியைத் தலைப்பாக இட்டுவிடாமல், கூத்தின் பெயர், வடமோடியா தென்மோடியா, அண்ணாவியார் யார், எந்த ஊர்க் களரியில் (கூத்தாடும் மேடையில்) ஆடியது என்பதையெல்லாம் தமிழில் எழுதிவிட்டால், தேடுபவரின் கையில் அப்பாட்டு அகப்படும், வெறுமையாகக் கிடந்த நிரலில் முதல் எண் விழும்.