ரேஞ்ச்ஃபைண்டர்: தொலைவுமானி

கேமரா வாங்குவோர், விற்போர் பேச்சில் ‘ரேஞ்ச்ஃபைண்டர்’ ஒரு கேமரா வகை. உண்மையில் அது கேமராவுக்குள் இருக்கும் ஓர் உறுப்பின் பெயர். எதிரே உள்ள பொருளின் தூரத்தை அளப்பது அதன் வேலை. சொல் பீரங்கிப் படையிலிருந்து வந்தது. குண்டு சென்று விழவேண்டிய தூரம் ‘ரேஞ்ச்’. லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் 1916-லேயே கோடாக்கின் 3ஏ ஆட்டோகிராஃபிக் ஸ்பெஷல் கேமராவில் வந்துவிட்டது.

இதைத் தமிழில் ‘வீச்சுகாணி’ என்றால் பீரங்கிக்குப் பொருந்தும். கேமரா எதையும் வீசுவதில்லை. வெப்பமானி, அழுத்தமானி வரிசையில் ‘தொலைவுமானி’ என்பதே சரி. ஜப்பானியரின் ‘கியோரிகெய்’யும் இதே அமைப்புதான்: கியோரி தொலைவு, கெய் மானி.

1966-ல் தொடங்கிய யாஷிகா எலெக்ட்ரோ 35 கேமரா வரிசையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். முகப்பில் இரண்டு சன்னல்கள். இரண்டும் ஒரே பொருளைச் சற்றே வேறு கோணத்தில் பார்க்கின்றன. இரண்டாவது சன்னலின் பிம்பம் பாதி ஒளியைக் கடத்திப் பாதியைத் திருப்பும் அரைப்பூச்சுக் கண்ணாடி வழியாக நடுவில் மங்கிய மஞ்சள் திட்டாக விழுகிறது. லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப அத்திட்டிலுள்ள பிம்பம் நகரும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் குவியம் சரி. செங்குத்தான விளிம்பு ஒன்றைப் பார்த்துப் பொருத்துங்கள். வெறும் சுவரில் பொருத்த எதுவும் இருக்காது. இதன் 45 மி.மீ. எஃப்/1.7 லென்ஸை முழுதாகத் திறந்து ஒரு மீட்டரில் எடுத்தால் தெளிவு ஏறத்தாழ 5 செ.மீ. ஆழத்துக்குத்தான். மானி சிறிது பிசகினாலும் முகப்படத்தில் கண்ணுக்குப் பதில் காது தெளிவாக விழும்.

பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல என்பதால் லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் காட்சி தெரியும். ஒளியளக்கும் கண்ணும் லென்ஸில் இல்லை, மேல்முகப்பில் இருக்கிறது, அதுவும் எச்சரிக்காது. படச்சுருள் முழுக்க வெறுமையாகும். லென்ஸில் ஒளி வடிகட்டி (ஃபில்டர்) மாட்டினால் அது விழுங்கும் ஒளிக்கேற்ப படச்சுருளின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஏ.எஸ்.ஏ. எண்ணை நீங்களே குறைக்க வேண்டும்.

பழைய கேமரா வாங்கும்போது வளையத்தை முடிவிலியில் (∞ குறியில்) வைத்து தூரத்துக் கோபுரத்தையோ செல்பேசிக் கம்பத்தையோ பாருங்கள். இரட்டை பிம்பம் பக்கவாட்டில் விலகினால் குவியமே பிழைக்கும். மேல்கீழாக விலகினால் தூர அளவு கெடாது, பொருத்துவதுதான் சிரமம். இரண்டையும் பழுதுபார்ப்பவர் திருத்திவிடலாம். திட்டே தெரியாத அளவுக்குப் பூச்சு உரிந்திருந்தால் கண்ணாடியையே மாற்ற வேண்டும். விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.