கொழும்புக் கொடுவா எந்தப் பருவத்தில் கொத்தும்?

ஜூன் மாதம் மூன்றாம் வாரம் தாண்டியதும் கனடாவில் இருக்கிற சொந்தக்காரர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் பாஸ் மீன் படங்கள் வரத் தொடங்கும். பச்சை முதுகு, கை நுழையும் அளவு வாய், பின்னால் ஒரு சின்னத் துடுப்பு வள்ளம். அதே மாதிரி வள்ளமும் தூண்டிலும் கொழும்பிலும் கிடைக்கின்றன. ஞாயிறு காலையில் பொல்கொட வாவிப் பக்கம் போனால் மொறட்டுவை, பிலியந்தலைக் கரைகளில் கயாக் இறக்குகிறவர்களைப் பார்க்கலாம். வெள்ளவத்தையிலிருந்து கார்க் கூரையில் வள்ளத்தைக் கட்டிக்கொண்டு வருகிற நம்மவர்களும் அதில் உண்டு. பலர் தொழில் கற்றது வட அமெரிக்கக் காணொளிகளில்தான். தூண்டில் எறிகிற விதத்தை அங்கிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பருவக் கணக்கு மட்டும் இங்கே வேலைக்கு ஆகாது.

அந்த நாட்டுப் பாஸின் வருடத்தை நடத்துவது வெப்பம். மீனின் உடற்சூடு தண்ணீரின் சூட்டோடு ஏறி இறங்கும். தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், பசி அடங்கும். நீர் 4 பாகை செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும் என்பதால், குளிர்காலத்தில் அந்த 4 பாகை நீர் ஏரியின் அடியில் தங்கிவிட, பனிக்கட்டி மேலே மிதக்கும். பாஸ் ஆழத்தில் அதிகம் அசையாமல் கிடக்கும். வசந்தத்தில் கரையோர நீர் 15 பாகையைத் தாண்டும்போது ஆண் மீன் ஆழமில்லாத இடத்துக்கு வந்து, வாலால் குழி துடைத்துக் கூடு அமைக்கும். முட்டைக்கும் குஞ்சுக்கும் காவலும் அதுதான். அந்தக் காவல்காரனைத் தூக்கிவிட்டால் சுற்றியிருக்கிற மீன்கள் முட்டையைத் தின்று தீர்த்துவிடும். ஒன்ராறியோவின் பல ஏரிகளில் ஜூன் மூன்றாம் வாரம்வரை பாஸைப் பிடித்துக்கொண்டு போகத் தடை இருப்பது அதனால்தான். வாட்ஸ்அப் படங்கள் அதுவரை வராததற்கும் காரணம் அதுவே. கோடையில் ஏரி சூடான மேல்தட்டு, குளிர்ந்த கீழ்த்தட்டு என்று பிரியும். இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து இறங்க, எல்லாம் மறுபடி கலக்கும். கையில் ஒரு வெப்பமானி இருந்தால் பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

கொழும்பில் வெப்பமானி எதையும் சொல்லாது. மாதச் சராசரி வெப்பநிலையை எடுத்தால் குளிரான மாதத்துக்கும் சூடான மாதத்துக்கும் இடையில் ஏறத்தாழ 2 பாகைதான் வித்தியாசம். இங்கே மாறுவது மழை. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை விழும் நகரம் இது. மேயில் ஓர் உச்சம், ஒக்டோபரில் இன்னோர் உச்சம். ஜனவரி, பெப்ரவரியில் வானம் கைவிட்டுவிடும். மழை கூடுவதும் குறைவதும் தண்ணீரின் உப்பையும் கலங்கலையும் ஒட்சிசனையும் மாற்றுகின்றன. நம் மீனின் பருவம் அந்த மூன்றில்தான் இருக்கிறது, அதிலும் முதலாவது உப்பு.

நம் மீன் என்று நான் சொல்வது கொடுவா. கொழும்பு மீன்கடைகளில் மோதா என்று கேட்டால்தான் சட்டென்று எடுத்துக் காட்டுவார்கள். ஆஸ்திரேலியர்கள் பரமண்டி என்று கொண்டாடுவதும் இதையே. பாஸுக்கும் இதற்கும் நெருங்கிய இரத்த உறவு இல்லை, தொழில்தான் ஒன்று. கண்டல் வேரிலோ பாலத் தூணின் நிழலிலோ ஒதுங்கி நிற்கும். சின்ன மீனோ இறாலோ அருகில் வந்ததும் வாயையும் செவுள் அறையையும் ஒரே நேரத்தில் விரிக்கும். உள்ளே அழுத்தம் சட்டென்று குறைய, வெளியே இருக்கிற தண்ணீர் இரையோடு சேர்ந்து வாய்க்குள் பாயும். பல்லால் கடித்துப் பிடிக்கிற வேலை அநேகமாக இல்லை, உறிஞ்சல்தான். நீர்மட்டத்தில் இது நடந்தால் ‘டொப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். இருட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் அடுத்த வாரமும் போவார்கள். 26 முதல் 30 பாகை வரையான நீர் கொடுவாவுக்கு மிகவும் உகந்தது. 20க்குக் கீழே போனால் தீனியைக் குறைத்துக்கொள்ளும். அப்படியென்றால் கொழும்பில் அதற்கு வருடம் முழுக்கச் சாப்பாட்டு நேரம். எங்கே நின்று சாப்பிடுகிறது என்பதுதான் மாறிக்கொண்டே இருக்கும்.

பொல்கொட வடக்கு, தெற்கு என்று இரண்டு வாவிகள், நடுவே ஆறு, பாணந்துறையில் கடல் வாய். மேலே வெரஸ் கங்கை கொழும்பின் தெற்குப் புறநகர்களின் மழைநீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. ஆக ஒரு பக்கம் நன்னீர், மறுபக்கம் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீர். ஒரு கன மீற்றர் கடல்நீர் அதே அளவு நன்னீரைவிடச் சுமார் 25 கிலோ பாரம் கூடியது. அதனால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் உடனே கலந்துவிடுவதில்லை. தோசைக்கு அடியில் தட்டகப்பை நுழைகிற மாதிரி, கடல்நீர் மெல்லிய நுனியோடு அடியால் நுழையும், நன்னீர் அதன்மேல் வழுக்கிக்கொண்டு கடலுக்குப் போகும். மேலே கையை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் நன்னீர், இரண்டு மீற்றர் கீழே உப்புநீர் என்று இருக்கலாம். பழைய ஆட்கள் அப்படி நாக்கில் வைத்துத்தான் பார்ப்பார்கள். வெரஸ் கங்கையில் என்னென்ன கலக்கிறது என்று தெரிந்த பிறகு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். இறால் பண்ணைக்காரர்கள் வைத்திருக்கும் உப்புமானி ஒன்று இருந்தால் ஒரு சொட்டு நீரே போதும். அடிநீரை எடுக்க, நூல் கட்டிய சின்னப் போத்தல்.

ஆற்றின் பாய்ச்சல் குறைந்தால் அந்த உப்பு நுனி உள்ளே ஏறும், கூடினால் பின்வாங்கும். இது தூண்டில்காரர்களுக்கு மட்டுமான சங்கதி என்று நினைக்க வேண்டாம். வறட்சி நீளும் காலங்களில் களனி கங்கையில் இதே உப்புநீர் மேலேறி, கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலையை நெருங்கும். அதைத் தடுக்க ஆற்றின் குறுக்கே மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை பொல்கொடவில் உப்பு உள்ளே ஏறிய காலம். நீர் தெளிவு, காற்று மெதுவு. உப்பைப் பின்தொடர்ந்து இறாலும் திரளிக் குஞ்சும் உள்ளே பரவும், கொடுவாவும் பின்னால் போகும். வள்ளம் வைத்திருக்கிறவர்களுக்கு இது சுகமான காலம். ஆனால் தெளிந்த நீரில் கொடுவாவுக்குக் கண் கூர்மை. பகலில் உங்களை அது முதலில் பார்த்துவிடும். அந்தி சாய்ந்த பிறகு நிலைமை உங்கள் பக்கம் திரும்பும் என்று சொல்லவும் முடியாது. அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்புகிற படலம் ஒன்று இருக்கிறது. ரோச் அடித்தால் கண் செக்கச்செவேல் என்று மின்னுவது அதனால்தான். மங்கலிலும் இரையை எடுக்க அந்தப் படலம் அதற்கு உதவுகிறது.

மே மாதத்து முதல் பெருமழைதான் மிகவும் சுவாரசியமான கட்டம். மிக மோசமாகத் தப்புக்கணக்குப் போடுகிற கட்டமும் அதுதான். மழை விழுந்ததும் மீன் குஷியாகிவிடும் என்று பலர் மறுநாளே ஓடுவார்கள். முதல் மழை வடிகால்களில் மாதக்கணக்கில் கிடந்த அழுகலை எல்லாம் ஒரே அடியாகக் கழுவிக்கொண்டு வரும். அதைச் சிதைக்கிற பக்டீரியாக்கள் நீரிலுள்ள ஒட்சிசனைக் குடித்துவிடும். வெப்ப நாட்டு நீரில் அது ஏற்கெனவே குறைவு. 10 பாகை நன்னீர் ஒரு லீற்றரில் சுமார் 11 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும். 28 பாகையில் 8ஐக்கூட எட்டாது. கனடாப் பாஸுக்கு இருக்கிற கையிருப்பு நம் கொடுவாவுக்கு இல்லை. எனவே முதல் கறுப்புத் தண்ணீர் வரும்போது அது வாயை மூடிக்கொண்டு கடல் வாய்ப் பக்கம் நழுவும். அடுத்தடுத்த மழைகளில் அழுக்கு தீர்ந்து, வெறும் செம்மண் கலங்கல் மட்டும் வரத் தொடங்கியதும் கதை மாறும். பாணந்துறைப் பக்கம் பழுப்பு நீரும் பச்சை நீரும் ஒட்டி நிற்கிற கோடு ஒன்று தெரியும். ஆறு அடித்துக்கொண்டு வருகிற சின்ன மீன்கள் திடீரென்று உப்பில் மாட்டித் தடுமாறுவது அந்தக் கோட்டில். பச்சைப் பக்கம் நின்று பழுப்புப் பக்கத்துக்கு எறிந்து இழுத்தால் பலன் உண்டு. ஆனால் தென்மேற்குக் காற்றான சோளகம் வீசுகிற மாதங்களில் கழிமுகத்துக்குள் கயாக்கோடு போவது புத்திசாலித்தனம் இல்லை. வெளியேறும் நீரும் உள்ளே வரும் அலையும் மோதுகிற இடத்தில் வள்ளம் கவிழ அதிக நேரம் எடுக்காது. அங்கே கரையில் நின்று எறியுங்கள்.

பேர வாவியில் அன்னப் படகு மிதித்துக்கொண்டு கொடுவா தேடலாமா என்று ஒருவர் கேட்டார். விளையாட்டாகக் கேட்டாலும் நல்ல கேள்வி. பேர வாவி கடலோடு கதவுகளால்தான் தொடுகிறது, உப்பு தன்னிஷ்டத்துக்கு உள்ளே வர முடியாது. போதாததற்கு நீர் முழுக்கப் பச்சைப் பாசி. பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஒட்சிசனை அள்ளிக் கொடுக்கும், இரவு முழுக்கத் தானே மூச்சு விட்டு அதைத் தீர்க்கும். விடிவதற்குச் சற்று முன்தான் ஒட்சிசன் மிகத் தாழ்ந்திருக்கும். அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதையும், சில நாட்களில் செத்து மிதப்பதையும் கொழும்பு பார்த்திருக்கிறது. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இப்படிப்பட்ட நீரிலும் சமாளித்துவிடும். விரால் நேரடியாகக் காற்றையே சுவாசிக்கும். கொடுவாவுக்கு இரண்டும் கைவராது. ‘விடியற்காலைதான் மீனுக்கு நல்ல நேரம்’ என்ற விதியும் இங்கே உடைகிறது. ஓடுகிற நீரில் அது சரி. தேங்கிய பச்சைத் தண்ணீரில் வெயில் ஏறி இரண்டு மணி நேரம் கழித்துப் போவதே மேல்.

ஒக்டோபர், நவம்பர் மழை மறுபடி உப்பைக் கீழே தள்ளும். மே மாதத்துக் கதைதான், அலை மட்டும் கொஞ்சம் குறைவு.

இனி வள்ளம். என்ஜின் படகு இருக்க எதற்குத் துடுப்பு என்றால், முதல் காரணம் சத்தம். ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீற்றர் போகும், நீரில் ஏறத்தாழ 1,500. ஆனால் காற்றிலிருந்து நீருக்குள் நுழைய முயல்கிற ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்குச் சக்தி அளவே உள்ளே போகும். மீதி நீர்மட்டத்தில் பட்டுத் திரும்பிவிடும். எனவே ‘பேசாதே, மீன் ஓடிடும்’ என்று பிள்ளைகளை அதட்டுவதில் பெரிய அர்த்தம் இல்லை. துடுப்பை வள்ளத்தின் அடியில் ‘டங்’ என்று போடுவதுதான் குற்றம். அந்த அதிர்வு பிளாஸ்டிக் வழியாக நேரே நீருக்குள் இறங்கும். மீனின் பக்கவாட்டுக் கோடு அருகில் நடக்கிற மெல்லிய நீரசைவைக்கூட உணரும், காது தொலைவிலிருந்து வருவதைக் கேட்கும். ஒரு பழைய இறப்பர்ப் பாயை அடியில் விரித்தால் போதும்.

இரண்டாவது காரணம் பார்வை, இதை அநேகர் கவனிப்பதில்லை. நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கிற மீனுக்கு வெளி உலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை அகலமான ஒரு வட்டத்துக்குள் நசுங்கித் தெரியும். அடிவானத்துக்கு அருகில் உள்ளவை வட்டத்தின் விளிம்பில் மிக மோசமாக நசுங்கும். 10 மீற்றர் தொலைவில் படகுத் தட்டில் எழுந்து நிற்கிற ஆளின் தலை நீரிலிருந்து 2.3 மீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். கயாக்கில் உட்கார்ந்திருப்பவரின் தலை 0.9 மீற்றர். ஒளி முறிவுக் கணக்கைப் போட்டால், நிற்கிறவர் மீனின் கண்ணில் சுமார் 1.6 பாகை உயரமாகத் தெரிவார், உட்கார்ந்தவர் கால் பாகை அளவுக்குத்தான். உயரம் பாதிக்கும் குறைவு, தோற்றமோ ஆறில் ஒன்று. அதோடு அவ்வளவு தாழ்வாக வருகிற ஒளியில் பாதிக்கு மேல் நீர்மட்டத்திலேயே தெறித்துவிடும். உட்கார்ந்தபடி எறிவதால் தூரம் குறைகிறதே என்று கவலைப்பட வேண்டியதில்லை, அவ்வளவு தூரம் தேவையே இல்லை.

வற்றும் பெருக்கும் இங்கே ஒரு மீற்றருக்குள் அடங்கும். இருந்தாலும் குறுகலான ஆற்றில் அதுவே நல்ல ஓட்டத்தைக் கொடுக்கும். நீர் வற்றும்போது கண்டல் வேர்களுக்குள் ஒளிந்திருந்த சின்ன மீன்கள் வேறு வழியின்றி வெளியே வரும். கொடுவா வாய்க்கால் முனையில் நிற்கும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்ற இறக்கம் கூடும், பொதுவாக அதன் உச்சம் ஓரிரு நாள் பிந்தித்தான் வரும். போயா விடுமுறை நாளில் தூண்டிலோடு திரிவதை ஊரார் ரசிப்பதில்லை. மறுநாள் போனால் நீரோட்டமும் கூடுதல், முகம் சுளிப்பும் இல்லை.

ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பிற்பகல் இடிமுழக்கம் இந்தத் தீவின் வழக்கம். திறந்த வாவியில் கயாக்கில் கார்பன் தூண்டிலோடு இருக்கிறவர்தான் அந்தப் பரப்பிலேயே உயரமான பொருள். முதல் முழக்கத்துக்கே கரையேறிவிட வேண்டும். பொல்கொடவிலும் தியவன்னா வாவியிலும் முதலை உண்டு என்பதையும் மறக்காதீர்கள். பிடித்த மீனைக் கயிற்றில் கோத்து வள்ளத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வருவது காணொளியில் அழகாக இருக்கும், இங்கே வேண்டாம்.

அப்புறம், பெரிய மீன் விழுந்தால் என்ன செய்வது? கொடுவா முதலில் ஆணாகவே முதிரும். சில வருடம் கழித்து, பொதுவாக 80 சென்ரிமீற்றரைத் தாண்டுகிற காலத்தில், பெண்ணாக மாறும். முட்டை பொரிய உப்புநீர் வேண்டும் என்பதால் கழிமுகத்துக்குப் போய்த்தான் இடும். ஒரு பெரிய பெண்மீன் கோடிக்கணக்கில் இடக்கூடியது. ஆகவே ஒரு மீற்றர் நீளத்தில் வந்தது அநேகமாகத் தாய்தான். குழம்புக்கு 50, 60 சென்ரிமீற்றர் மீனே ருசி என்பது என் கட்சி. பெரியதை வள்ளத்துக்குள் தூக்காமல், நீரிலேயே வைத்துக் குறட்டால் கொக்கியைக் கழற்றுங்கள். செவுள் மூடியின் ஓரம் தூண்டில் நூலான தங்கூசியையே அறுக்கும். விரலை அந்தப் பக்கம் விடாமல் கீழ்த்தாடையைப் பிடித்து, மற்றக் கையால் வயிற்றைத் தாங்கி, செவுள் சீராக அசையும்வரை ஓட்டத்துக்கு எதிராக முகத்தைத் திருப்பிப் பிடித்திருங்கள்.