பரணிலிருந்து இறக்கியதும் ‘பிளே’யை அமுக்காதீர்கள்

போன வாரம் ஒருவர் பழைய கேசட் டெக்கையும் (கேசட் போட்டுக் கேட்கும் பெட்டி) கேசட்டையும் பிரிக்க முடியாமல் ஒன்றாகவே தூக்கிக்கொண்டு வந்தார். முக்கால் மீட்டர் நாடா, அதை ஓட்டும் சுழல் கம்பியான கேப்ஸ்டனில் சுற்றி, விசிறி மடிப்பாகக் கசங்கிக் கிடந்தது. அதில் இருந்தது காலமான அவர் அப்பாவின் குரல். வேறு பிரதி கிடையாது. இந்த வருடம் என் மேஜைக்கு வந்த நான்காவது கேஸ் இது.

“20 வருஷமா ஓடவே இல்லை சார், துணி போட்டு மூடித்தான் வச்சிருந்தோம். புதுசு மாதிரிதானே இருக்கணும்?” எல்லோரும் இதையே கேட்கிறார்கள். இல்லை சார். ஓடாமல் கிடந்ததுதான் கோளாறே. ரப்பர் சும்மா கிடந்தாலும் கெடும். மோட்டாரின் சுழற்சியைக் கடத்தும் ரப்பர் பெல்ட்டுகளில் சில தார் போலக் குழைந்துவிடும். தொட்டால் விரலில் அப்பிக்கொள்ளும், சோப்புக்கும் போகாது. நாடாவைக் கேப்ஸ்டனோடு அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையான பின்ச் ரோலர் இறுகிக் கண்ணாடி போலப் பளபளக்கும். கிரீஸ் மெழுகாக உறைந்திருக்கும். வெளியே பார்த்தால் விளக்கு எரிகிறது, மோட்டார் சத்தமும் கேட்கிறது. உள்ளே கேப்ஸ்டன் நொடிக்கு 4.76 செ.மீ. நாடாவைத் தள்ளுகிறது, அதை வாங்கிச் சுற்ற வேண்டிய ரீல் நின்றுபோயிருக்கிறது. நாடா வேறு எங்கே போகும்?

முதலில் பெல்ட்டை மாற்றுங்கள். அப்புறம் போனால் போகட்டும் என்கிற ஒரு கேசட்டைப் போட்டு, வலது பக்க ரீல் சுற்றுகிறதா என்று கண்ணால் பாருங்கள். சோதனைக்கு சி-120 (இரண்டு மணி நேர கேசட்) வேண்டாம், அதன் நாடா மிக மெல்லியது. நாடாவைப் படிக்கும் ஹெட்டையும் கேப்ஸ்டனையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், விட்டவர்கள் இருக்கிறார்கள்! ஹெட் பக்கத்தில் இருக்கும் குட்டி ஸ்குரூவையும் திருகாதீர்கள். ஜப்பானிலிருந்து வந்த டெக் என்றால் பின்புறம் 100 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நம் 230-இல் நேராகச் செருகினால் புகைதான் வரும்.

சத்தம் மந்தமாக இருந்தால் உடனே “ஹெட் போச்சு” என்று முடிவு கட்டாதீர்கள். டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் முறை) இல்லாமல் பதிந்த கேசட்டை டால்பி சுவிட்சைப் போட்டுக் கேட்டாலும் அப்படித்தான் இருக்கும். சுவிட்சை அணைத்துக் கொடுத்துவிட்டுக் கூலி கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்றால், தயவுசெய்து கேசட்டை மட்டும் முதலில் கொண்டு வாருங்கள். ஓடுகிற டெக்கில் போட்டு கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன். உங்கள் டெக் மெதுவாக வரட்டும்.