கல் பாவாத கலங்கல்: தெற்கு லோனக் ஏரி உருவானதும் உடைந்ததும்

சிக்கிமின் வடமேற்கு மூலையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது தெற்கு லோனக் ஏரி. 1977இல் அதன் பரப்பு கால் சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2023 செப்டம்பர் 28 அன்று இஸ்ரோவின் செயற்கைக்கோள் படம் காட்டியது 167.4 ஹெக்டேர். அக்டோபர் 4 காலையில் எடுத்த படத்தில் 60.3 ஹெக்டேர்தான் மிச்சம். இடையில், அக்டோபர் 3 இரவு, ஏரி உடைந்துவிட்டது.

இந்த ஏரி பிறந்த கதையைப் புரிந்துகொண்டால், அது ஏன் உடைந்தது என்பதும் விளங்கும். பனியாறு கீழ்நோக்கி நகரும்போது அடியிலும் பக்கவாட்டிலும் பாறையைச் சுரண்டிக்கொண்டே வரும். சுரண்டிய கல்லும் மண்ணும் அதன் முனையிலும் இரு விளிம்புகளிலும் மேடாகக் குவியும். இதுதான் மொரைன். வெப்பம் கூடிப் பனியாறு பின்வாங்கும்போது முனையில் இருந்த மேடு அங்கேயே நின்றுவிடும். பனி விட்டுச் சென்ற பள்ளத்தில் உருகுநீர் தேங்கும். முதலில் பனியின் மேல் சிறுசிறு குட்டைகள். பிறகு அவை ஒன்று சேர்ந்து ஏரி.

ஏரி உருவான பிறகு பனி உருகும் வேகம் கூடிவிடும். வெயிலில் ஓரிரு டிகிரி சூடான நீர்கூடப் பனிச்சுவரின் அடிப்பாகத்தை அரிக்கும். அடி அரிபட்டதும் மேற்பகுதி பிளந்து பாளம் பாளமாக நீரில் விழும். சுவர் பின்னே போகும், ஏரி நீளும், இன்னும் அதிக நீர் பனியைத் தொடும். தெற்கு லோனக் அரை நூற்றாண்டில் பல மடங்கு பெருத்ததற்கு இதுவே காரணம். பனியாறு தன் படுகையையே குடைந்திருந்ததால் ஆழமும் அதிகம்: சில இடங்களில் 120 மீட்டருக்கு மேல்.

இனி கரையைப் பாருங்கள். நம் ஊர் ஏரிக்குக் கரை போடும்போது மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி, ஈரம் பார்த்து, உருளையால் இறுக்குவார்கள். மிகைநீர் வழியும் இடத்தில் கல் பாவிக் கலங்கல் கட்டுவார்கள். மொரைன் கரையில் இவை எதுவும் கிடையாது. மாவு போன்ற வண்டலும் வீடளவு பாறையும் தரம் பிரியாமல் கலந்து கிடக்கும். நடுவில் பழைய பனி புதைந்திருக்கும். அது உருக உருக, வெளியே தெரியாமலே கரை உள்வாங்கும். நீர் வழிந்தோட ஒரு தாழ்வான இடம் உண்டு. ஆனால் அதன் தரை வெறும் தளர்ந்த சரளை. வழக்கமான நீரோட்டத்தை அது தாங்கும். திடீரெனப் பெரு வெள்ளம் மேலேறி வழிந்தால் தாங்காது.

அன்றிரவு அதுதான் நடந்தது. ஏரியின் வடக்கு விளிம்பில் உறைந்து கிடந்த பக்கவாட்டு மொரைனிலிருந்து சுமார் 1.47 கோடி கனமீட்டர் பொருள் சரிந்து நீரில் விழுந்தது. ஏறத்தாழ 20 மீட்டர் உயர அலை எழுந்து கரையைத் தாண்டியது. தாண்டிய நீர் கரையின் வெளிச்சரிவில் நுண்மண்ணை முதலில் அடித்துச் சென்றது. பிடிமானம் போன பாறைகள் உருண்டன. அரிப்பு பின்னோக்கி ஏறி ஏரியைத் தொட்டது. உடைப்பு ஒருமுறை திறந்துவிட்டால் தானாகவே பெரிதாகும். வழியும் நீரின் ஆழம் இரட்டித்தால், அகலம் மாறாவிட்டாலும் பாய்ச்சல் (வினாடிக்கு வெளியேறும் நீரின் அளவு) 2.8 மடங்காகும். பாய்ச்சல் கூடினால் அரிப்பும் கூடும். இப்படி வெளியேறிய நீர் சுமார் 5 கோடி கனமீட்டர், அதாவது ஏறக்குறைய 1.8 டி.எம்.சி.

வழியெங்கும் பள்ளத்தாக்கின் இரு கரைகளையும் அறுத்து, சுமார் 27 கோடி கனமீட்டர் வண்டலை வெள்ளம் வாரிக்கொண்டது. நீரைவிட மண் ஐந்து மடங்கு! கீழே வந்தது வெறும் தண்ணீர் அல்ல, பாறையைச் சுமந்த குழம்பு. லாச்சென், லாச்சுங் ஆறுகள் கூடித் தீஸ்தா ஆறாகும் சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா மூன்றாம் நிலை மின்திட்டத்தின் அணை நள்ளிரவையொட்டி அடித்துச் செல்லப்பட்டது.

ஆபத்து முன்பே தெரிந்ததுதான். 2016இல் இந்த ஏரியில் 8 அங்குல எச்.டி.பி.இ. (உறுதியான பிளாஸ்டிக்) குழாய்கள் மூன்றைப் பதித்து, சைஃபன் முறையில், அதாவது பம்பு இல்லாமல் கரை மேட்டைத் தாண்டித் தாழ்வான பக்கம் நீர் தானே வழியும்படி, வெளியேற்றினார்கள். வினாடிக்கு 150 லிட்டர். அந்த உயரத்தில் பொருள்களைச் சேர்ப்பதே அரும்பாடு. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. நாளொன்றுக்கு சுமார் 13,000 கனமீட்டர். அப்போது சுமார் 130 ஹெக்டேர் இருந்த ஏரியில் அது ஒரு சென்டிமீட்டர் மட்டம். புதுநீர் சொட்டும் வராவிட்டால்கூட ஒரு மீட்டர் குறைய நூறு நாள் ஆகும். கோடையில் உருகுநீர் வரத்தோ இதைவிட அதிகம். சைஃபனுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. நீரை மேட்டுக்கு ஏற்றுவது காற்றழுத்தம். கடல்மட்டத்தில் அது 10 மீட்டர் வரை ஏற்றும். 5,200 மீட்டரில் அழுத்தம் ஏறத்தாழ பாதிதான், ஆகவே ஐந்தரை மீட்டரைத் தாண்டாது. இணைப்பில் சிறு காற்றுக்கசிவு இருந்தால் ஓட்டம் அறுந்துவிடும். குளிரில் குழாய்க்குள்ளேயே நீர் உறையும்.

கரையைக் கவனமாக வெட்டி, மதகு வைத்துக் கால்வாய் அமைப்பதே நம்பகமான வழி. நேபாளத்தில் 2000இல் சோ ரோல்பா ஏரியை இப்படி 3 மீட்டரும், 2016இல் இம்ஜா ஏரியை 3.4 மீட்டரும் இறக்கினார்கள். வெட்டுவதற்கு முன் நிலத்துக்குள் ஊடுருவும் ரேடார், நிலத்தின் மின்தடை (மின்சாரம் பாய்வதைத் தடுக்கும் திறன்) அளவீடுகளால் புதைந்த பனி எங்கே என்று தேட வேண்டும். அதன்மேல் கால்வாய் வெட்டினால், ஓடும் நீரே பனியை உருக்கிக் கரையைக் குலைத்துவிடும். தளத்தில் கல் பாவ வேண்டும், மட்டத்தை மெல்ல இறக்க வேண்டும்.

இதெல்லாம் செய்தாலும் 20 மீட்டர் அலைக்கு 3 மீட்டர் இறக்கம் போதாது. அதனால்தான் ஏரியின் பரப்பை மட்டும் அளந்துகொண்டிருப்பது போதாது என்கிறேன். தெற்கு லோனக்கில் சரிந்த அந்த விளிம்பு, முந்தைய ஆண்டுகளில் ஆண்டுக்கு 15 மீட்டர் வரை நகர்ந்துகொண்டிருந்ததை, பின்னர் செயற்கைக்கோள் தரவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். உறைமண் இளகினால் சரிவு நகரும். நகரும் சரிவு ஏரிக்கு நேர் மேலே இருந்தால் எச்சரிக்கை மணி அங்கிருந்துதான் அடிக்க வேண்டும். சரிவில் நகர்வுமானி, கரையில் நீர்மட்டமானி, ஆற்றோரத்தில் சைரன் என மூன்றும் ஒரே வலையில் இணைந்திருந்தால் கீழே உள்ளவர்கள் மேடேற நேரம் கிடைக்கும்.

ஏரி இன்னும் இருக்கிறது, பனியாறு இன்னும் பின்வாங்குகிறது. கீழே தீஸ்தாவின் படுகை வண்டல் படிந்து பல இடங்களில் மேடாகிவிட்டது. முன்பு கரைக்குள் அடங்கிய மழைவெள்ளமே இப்போது சாலைக்கும் வீடுகளுக்கும் ஏறுகிறது.